வாசலில் கட்டிய வாழை

புக்கிட் பாஞ்சாங்
சிங்கப்பூர், 12 மே 2024

அன்புள்ள தம்பி ரஞ்சனுக்கு,

அக்கா தவமணி எழுதுவது. இங்கே முட்டிவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. பெல்ஜியத்துக் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று எழுது. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மின்னஞ்சல். எழுத்தில் கத்தினால் உன் காது வலிக்காது அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நம் ரக்ஷனா கல்யாணத்தில் ஃபேரர் பார்க் மண்டப வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தார்களே, நினைவிருக்கிறதா? "வெட்டின மரம்லாம் வேணாம், கிழங்கோட கொண்டாந்து கட்டுறேன்" என்று மாப்பிள்ளையின் அப்பா மருதப்பன் எல்லை தாண்டி ஜொகூரில் தன் கூட்டாளி தோட்டத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். சோதனைச் சாவடியில் என்ன சொல்லிக் கொண்டுவந்தாரோ, அவருக்கே வெளிச்சம். கல்யாண வாழையைக் குப்பையில் போடக்கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அடியில் இருந்த கன்றுகளைப் பிரித்து, ஒன்றை அவர்களுடைய ஜூரோங் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் நட்டார்கள். இன்னொன்றை நான் நம் புளோக் தோட்டத்தில் நட்டேன்.

ஜூரோங் கன்று போன வாரம் வாடிச் சாய்ந்துவிட்டது. சம்பந்தி அம்மா பராங் கத்தியால் வெட்டியிருக்கிறாள். உள்ளே செக்கச்செவேலென்று ஏதோ கசிந்திருக்கிறது. "ரத்தம் வடியுது, மருமக வந்த நேரம்" என்று புளோக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வாழை நோயைத்தானே நீ இத்தனை வருடமாக ஆராய்ச்சி செய்கிறாய்? அந்த அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு. முகத்துக்கு நேராகப் படித்துக் காட்டுகிறேன்.

ரக்ஷனா நன்றாக இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தவமணி


லூவன்
15 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது. நீ முட்டியை வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறாதே, லிஃப்ட் எதற்கு இருக்கிறது?

அது ரத்தம் இல்லை. நோய்க்குப் பெயரே ரத்த நோய்தான், ஆனால் பெயர்தான் அப்படி. அதைக் கொண்டுவருவது ஒரு பாக்டீரியா. வேர் வழியாகவோ கத்தி பட்ட காயத்தின் வழியாகவோ மரத்துக்குள் போகும். உள்ளே போனால் மட்டும் நோய் வந்துவிடாது. என் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கிருமியிடம் ஊசி மாதிரி ஒரு குழல் இருக்கிறது. அதை மரத்தின் செல்லில் குத்தி, தான் தயாரித்த புரதங்களை உள்ளே தள்ளும். மரத்துக்கும் காவல் உண்டு, கிருமி நுழைந்தால் அபாயமணி அடிக்கும். இந்தப் புரதங்கள் போனவுடன் செய்கிற முதல் வேலை அந்த மணியை அடிக்கவிடாமல் செய்வது. அப்புறம் கிருமி வெளியே கசியவிடும் வேறு சில புரதங்கள் செல்சுவரைக் கரைக்கும். தண்ணீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். மரம் தாகத்தில் சாகும்.

லேபில் அந்த ஊசியை மட்டும் முடக்கிப் பார்த்திருக்கிறோம். அதே கிருமி உள்ளேயே இருக்கிறது, மரம் தன் பாட்டுக்கு இலை விடுகிறது. ஆகவே கொல்வது கிருமிகூட இல்லை, அது அனுப்பும் புரதம். இதில் மருமகள் எங்கே வந்தாள்? இதை அப்படியே சம்பந்தி வீட்டில் படித்துக் காட்டு.

உன் கன்று எப்படி இருக்கிறது? அதை வெட்டினால் அந்தக் கத்தியால் வேறு மரத்தைத் தொடாதே. ரக்ஷனாவைக் கூப்பிடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரஞ்சன்


புக்கிட் பாஞ்சாங்
2 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் நலமில்லை. கொதித்துப்போய் இருக்கிறேன்.

உன் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு ஜூரோங் போனேன். சம்பந்தி, சம்பந்தி அம்மா, மாப்பிள்ளை குமரன் மூவரும் ஹாலில் இருந்தார்கள். ரக்ஷனா டீ கொண்டுவந்து வைத்தாள். ஊசி, குழல், புரதம், அபாயமணி எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். அந்த அம்மா பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டே கேட்டாள்.

"ஊசி போடுற பூச்சியா? சரி, வச்சுக்குவோம். அந்தப் பூச்சி யாரு வந்த பொறகு வந்துச்சு?"

"மரத்தக் கொண்டாந்தது உங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"எங்க வீட்டுல மூணு கல்யாணம் நடந்துருக்கு. மூணுக்கும் இதே வழக்கம். எந்த மரமும் இப்படி ரத்தம் கக்குனதில்ல. நான் உங்களக் குத்தம் சொல்லல. வாழாத வீட்டுலருந்து பொண்ணு எடுக்கும்போதே எங்க அக்கா சொன்னாங்க, அம்மா ராசி மகளுக்கு ஒட்டாமப் போகுமான்னு."

கேட்டாயா? என் புருஷன் மாரடைப்பில் போனதை எங்கே கொண்டுவந்து முடிச்சுப் போடுகிறாள் பார். ரக்ஷனா அப்போது செகண்டரி டூ படித்துக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பிள்ளை. நான் குமரனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, "அம்மா, விடுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. "நல்ல பையன், நான் பேசிப் பார்த்தேன்" என்று இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியவன் நீதான்.

உன் புரதத்தைத் தூக்கி உடைப்பில் போடு. அந்தப் பொம்பளைக்கு அது ஒட்டவில்லை. அவள் வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் எழுது, இல்லாவிட்டால் எழுதாதே.

இருமல் திரும்பாமல் இருக்க மிளகு ரசம் வை.

தவமணி


லூவன்
4 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஆறவில்லை. நேற்று லேபில் ஒருவரிடமும் பேசப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தானைப் பற்றிப் பேச அவர்களுக்கு என்ன யோக்கியதை? தாய்மாமன் என்று என்னை மணவறையில் உட்காரவைத்து மாலை போட்டார்களே, இதைக் கேட்கவா?

சரி, அவர்களுக்கு ஆதாரம்தானே வேண்டும்? தருகிறேன். இரண்டு கன்றும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவை. ஜூரோங் கன்றை அவர்கள் வெட்டி வீசிவிட்டார்கள். உன் கன்றிலும் அதே கிருமி இருந்தால், நோய் அவர்கள் இறக்கிய மரத்தோடு வந்தது என்று அடித்துச் சொல்லலாம். அதனால்தான் போன கடிதத்திலேயே கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. உன் கன்று எப்படி இருக்கிறது?

என்னிடம் படித்த கவிப்ரியா இப்போது சிங்கப்பூரில்தான் ஒரு லேபில் இருக்கிறாள். அவளை அனுப்புகிறேன். ஒரு துண்டு வெட்டிக்கொடு, போதும்.

ரக்ஷனா என் போனை எடுப்பதே இல்லை. என்ன சங்கதி?

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

ரஞ்சன்


புக்கிட் பாஞ்சாங்
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமாய் இருப்பாய்.

கன்று நன்றாகத்தான் இருக்கிறது. பச்சையாக இருக்கிறது. யாரையும் அனுப்ப வேண்டாம், தோட்டத்துக்காரர்கள் தேவையில்லாமல் கேள்வி கேட்பார்கள். ரக்ஷனாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், அதனால் போன் எடுக்க முடியவில்லை. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு.

தவமணி


லூவன்
23 ஜூன் 2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. மன்னித்துக்கொள்.

நீ வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்பே கவிப்ரியா வந்துவிட்டுப் போய்விட்டாள். உன்னைக் கூப்பிட்டாளாம், நீ எடுக்கவில்லை. நேரே தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். நான் சொன்ன இடத்தில் வாழையே இல்லை. கிளறிய மண், அதன்மேல் ஒரு கற்றாழைத் தொட்டி. பக்கத்தில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். "அம்மா புடுங்கிப் போட்டுட்டாங்க, நான் வந்த அன்னைக்கே" என்றாளாம் அந்தப் பெண். வேலை நாள், காலை நேரம், வீட்டு உடுப்பில். பெயர் ரக்ஷனா.

பச்சையாக இருக்கிறது என்று யாரை ஏமாற்ற எழுதினாய்? அவள் எப்போது வந்தாள்? அடித்தார்களா? துரத்தினார்களா? உன் கூடப் பிறந்தவனிடம் சொல்வதற்கு என்ன கேடு உனக்கு? நான் இங்கே ஊரான் தோட்டத்து வாழைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன், என் அக்கா மகள் பெட்டியோடு வந்து நிற்பதை யாரோ ஒரு பெண் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

பதில் எழுது. இன்றைக்கே எழுது.

ரஞ்சன்


புக்கிட் பாஞ்சாங்
30 ஜூலை 2024

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். வேவு பார்க்க ஆள் அனுப்புகிறாயா நீ?

ஆமாம், வந்துவிட்டாள். ஜூன் பத்தாம் தேதி. யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் போலீசுக்காவது போயிருப்பேன். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், சாமி அறைப் பக்கம் போகக்கூடாது, குமரனின் தங்கை குழந்தையைத் தூக்கக்கூடாது. இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவே இல்லை, இங்கே வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் குமரனே, "கொஞ்ச நாள்லா, உங்க அம்மா வீட்டுல இரு, அம்மா கோவம் அடங்கட்டும்" என்று பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அவள் வந்து நின்ற அன்று காலையில்தான் என் கன்றின் இலை மஞ்சளடித்துத் தொங்கியது. அதைப் பார்த்தேன், வாசலில் இவளைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், ரஞ்சன், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பொம்பளை சொன்னது நிஜமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. பெற்றவள் எனக்கே! அந்த ஆத்திரத்தில் கீழே போய்க் கையால் பிடுங்கி, கறுப்புப் பையில் கட்டிப் போட்டேன். ஜூரோங்கில் யாருக்காவது தெரிந்தால் இன்னும் ஒரு மரம் என்று அதையும் இவள் கணக்கில் எழுதுவார்களே. உன்னிடம் சொன்னால் நீ அங்கே போன் போட்டுக் குதிப்பாய். அதனால் அமுக்கிவிட்டேன்.

கிழங்கில் பாதி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அந்தக் கவிப்ரியாவை வரச் சொல். தோண்டிக்கொள்ளட்டும். எனக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. அந்த நோய் அவர்கள் மரத்தோடு வந்தது என்று நீ நிரூபித்துக் கொடு.

சாப்பிட்டாயா?

தவமணி


லூவன்
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ அழுதிருப்பாய் என்று தெரியும். அழுதது போதும்.

முடிவு வந்துவிட்டது. உன் மண்ணில் கிடந்த கிழங்கில் ரத்த நோய்க் கிருமிதான். ஒரு முறைக்கு இரு முறை சோதித்தாள் கவிப்ரியா. உங்கள் தோட்டத்தில் மற்றவர்கள் வைத்திருக்கும் பழைய வாழைகளில் கிருமி இல்லை. மண்ணிலோ தண்ணீரிலோ ஏற்கெனவே இருந்திருந்தால் அவைதான் முதலில் விழுந்திருக்கும். சேர வேண்டிய அலுவலகத்துக்கும் அவள் தகவல் சொல்லிவிட்டாள், அந்த இடத்தில் இனி வாழை நடக்கூடாது.

அதாவது, ஃபேரர் பார்க்கில் நாதஸ்வரம் வாசித்து நம்மை வரவேற்றபோதே வாசலில் நின்ற மரத்துக்குள் நோய் இருந்தது. பார்வைக்குப் பச்சை. உள்ளே புரதங்கள் மணியைக் கட்டிப்போட்டுவிட்டன, மரத்துக்கே தெரியாது. ரக்ஷனா அந்த வீட்டுப் படியேறும் முன்பே அவர்கள் மரம் அழுகிக்கொண்டிருந்தது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, லேப் சொல்கிறது. கையெழுத்தோடு அறிக்கை இத்துடன் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ. இந்த முறை பிஸ்கட் தொண்டையில் சிக்கட்டும்.

வெற்றி நமக்குத்தான்.

ரஞ்சன்


புக்கிட் பாஞ்சாங்
15 செப்டம்பர் 2024

என் ஆசைத் தம்பிக்கு,

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

அறிக்கையைப் பார்த்ததும் சம்பந்திக்கு முகம் சுண்டிவிட்டது. அங்கேயே ஜொகூர்க் கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்த வரிசை முழுவதையும் மார்ச் மாதமே வெட்டிப் புதைத்துவிட்டாராம்! "கல்யாணம் ஆன புதுசுல அபசகுனமாச் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்" என்றாராம். எனக்கு அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டினால்கூட ஆத்திரம் தீராது. ஆனால் நம் பிள்ளைமேல் இருந்த பழி போயிற்று, அது போதும்.

நேற்று மூன்று பேரும் இங்கே வந்தார்கள். தட்டில் பழம், பூ, பட்டுச்சேலை. "தெரியாமப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க, எங்க மரத்துலதான் கோளாறு" என்று அந்த அம்மாவே தன் வாயால் சொன்னாள். குமரன் ரக்ஷனாவிடம், "எல்லாம் கிளியர் ஆயிடுச்சுலா, வந்துடு" என்றான். வெள்ளிக்கிழமை நல்ல நாள். நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்.

ரக்ஷனா தட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சந்தோஷம்தான் போல.

நீயும் ஒரு வார்த்தை வாழ்த்தி எழுது, தாய்மாமன் அல்லவா.

அக்கா
தவமணி


புக்கிட் பாஞ்சாங்
18 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ரக்ஷனா. எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் போனை எடுக்காததற்கு மன்னிக்கவும். எடுத்தால் நீங்கள் மரத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும்.

அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறாள், மூடுவதில்லை. மே மாதத்திலிருந்து எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டேன். ஊசி, புரதம், அபாயமணி எல்லாம் எனக்கு மனப்பாடம். நல்லா எழுதுறீங்க மாமா. எனக்குத்தான் படிக்கப் படிக்கக் கோபம் ஏறியது. ஜூரோங் அத்தைமேல் வந்ததைவிட உங்கள் இரண்டு பேர்மேல் அதிகமாக வந்தது.

நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கேஸ் நடத்தினீர்கள். குற்றவாளி மரமா, நானா? ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நீங்களும் அம்மாவும், நடுவில் லேப். மரம்தான் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு விடுதலை. பட்டுச்சேலையும் கொடுத்தார்கள். இப்படி ஒரு கேஸை எதற்குப் போடுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியை நீங்கள் எடுத்துக்கொண்டு, அதற்கு விடை தேட ஓடினீர்கள்.

நான் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களை நடக்கவைக்கிற வேலை செய்கிறேன். ஒரு நாளில் எத்தனையோ பேரைத் தொட்டுத் தூக்கி நிறுத்துகிறேன். வீட்டுக்கு வந்தால், கைக்குழந்தையைத் தொடாதே என்பார்கள். அப்போது குமரன் பக்கத்திலேயே நிற்பார். எனக்கு அவர் எழுதிக்கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று: "பெருசு பண்ணாதலா." பெட்டியை லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார், அவ்வளவு நல்லவர். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. ஜூரோங்கிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அறிக்கை வந்த பிறகுதான் அவருக்கு வழி தெரிந்தது.

நீ எப்படி இருக்கிறாய் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் கவிப்ரியா அக்கா. கிழங்கைத் தோண்டும்போது, "நீ ஓகேவாம்மா? ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டாங்க. நான் அழுதுவிட்டேன். அவங்க கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் மாமா. கிழங்கில் கிருமி இல்லை, மரம் சுத்தமாக இருந்தது என்று அறிக்கை வந்திருந்தால் என்னிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? அத்தைக்கு என்ன எழுதியிருப்பீர்கள்? ஏதாவது பரிகாரம் செய்யச் சொல்லியிருப்பீர்களா? யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை. ஒரு வாழை செத்தால் அதற்கு நான் காரணமில்லை என்று காட்ட எனக்கு எந்த லேப் ரிப்போர்ட்டும் வேண்டாம். அது வேண்டும் என்று நினைக்கிற வீட்டில் என்னால் இருக்க முடியாது. அது ஜூரோங்கானாலும் சரி, இந்த வீடானாலும் சரி.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. வரமாட்டேன் என்று குமரனிடம் நானே சொல்லிவிட்டேன். "இப்ப என்ன பிரச்சன, அதான் ப்ரூவ் ஆயிடுச்சே?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இதை அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் இரண்டு பேர்மேல் கோபம் என்று எழுதிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு எழுந்து அறைக்குள் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பட்டுச்சேலையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் குனிந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா இந்நேரத்துக்கு?"

"ஜூரோங்குக்கு. திருப்பிக் குடுத்துட்டு வரேன். நீ லெட்டர அனுப்புடி."

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ரக்ஷனா